பிஸ்கட் டப்பாவில் மூன்று நல்ல சென்சார்கள்

எங்கள் லாரியின் கேபினில், டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு பழைய பிஸ்கட் டப்பா கிடக்கும். உள்ளே டீசலின் அழுத்தத்தை அளக்கும் ரெயில் பிரஷர் சென்சார் ஒன்று, டர்போ தள்ளும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் பூஸ்ட் சென்சார் ஒன்று, ஆக்சிலரேட்டர் பெடல் சென்சார் ஒன்று. மூன்றையும் "போச்சு" என்று சொல்லித்தான் கழற்றினார்கள். மூன்றுமே நல்ல சென்சார்கள். பதிலுக்குப் புதிது வாங்கியது, கழற்றி மாட்டிய கூலி என்று இருபதாயிரத்துக்கு மேல் போனது. கடைசியில் கோளாறைத் தீர்த்த சாமானின் விலை நாற்பது ரூபாய்.

வண்டி 2012 மாடல், பத்துச் சக்கரம், பி.எஸ்.-3, ஆறு சிலிண்டர் காமன் ரெயில் இன்ஜின். டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு உயர் அழுத்தக் குழாய் இருக்கும், அதுதான் ரெயில். சங்ககிரிப் பக்கம் வீட்டுக்கு ஒரு லாரி என்பார்கள். எங்கள் வீட்டுக்கும் ஒன்றுதான். இதற்கு முன் அப்பா ஓட்டியது பழைய இன்லைன் பம்பு வண்டி. அதில் இன்ஜினுக்குப் போகும் ஒயர்களை ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம். ஸ்குரூடிரைவரின் நுனியை இன்ஜெக்டர் பக்கம் வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டு, "நாலாவது சிலிண்டர் சரியா அடிக்கலை" என்று அப்பா சொன்னால் அது நாலாவதாகத்தான் இருக்கும். புது வண்டி வந்ததும் அந்த ஸ்குரூடிரைவர் டூல் பாக்ஸின் அடிக்குப் போய்விட்டது. காமன் ரெயிலில் எந்த நேரத்தில் எவ்வளவு டீசல் என்று முடிவு செய்வது இ.சி.யு. என்கிற பெட்டி. அதற்குக் காதும் கண்ணும் சென்சார்கள்தான். அவை சொல்வதெல்லாம் வோல்ட்டாகத்தான் வரும். இந்த ஒரு விஷயம் எனக்கு உறைக்க நாலு டிரிப் ஆயிற்று.

சேலத்தில் ஜவ்வரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு மகாராஷ்டிராவுக்குப் போவது எங்கள் வழக்கமான டிரிப். முதல் தடவை கோளாறு வந்தது தொப்பூர் ஏற்றத்தில். நல்ல லோடு, மூன்றாவது கியர். திடீரென்று செக் லாம்ப் எரிந்தது, வண்டி இழுவையை விட்டுவிட்டது. பெடலை மிதித்தாலும் விட்டாலும் ஒரே ஓட்டம். ஓரம் கட்டி, சாவியை அணைத்து, இரண்டு நிமிடம் கழித்துப் போட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடியது. தருமபுரி பக்கம் ஒரு பட்டறையில் ஸ்கேனர் போட்டார்கள். மூன்று கோடு வந்தது, அதாவது இ.சி.யு. பதிந்து வைத்த மூன்று கோளாறு எண்கள். மேலே இருந்தது ரெயில் பிரஷர். "சென்சார் போயிடுச்சு" என்றார் மெக்கானிக். மாற்றினோம், கோடை அழித்தார், வண்டி மகாராஷ்டிரா போய்த் திரும்பியது. நானும் நம்பிவிட்டேன்.

அடுத்த டிரிப்பில் அதே ஏற்றம், அதே கதை. இந்த முறை வேறு பட்டறை, பூஸ்ட் சென்சார். அதற்கடுத்த டிரிப்பில் பெடல். ஒவ்வொரு முறையும் மாற்றியதும் சில நாள் நன்றாக ஓடும். அதுதான் என்னை ஏமாற்றியது. சென்சாரில் ஒயர் வந்து சொருகும் கப்ளரைக் கழற்றி மாட்டும்போது ஒயர் கொஞ்சம் அசைந்து இடம் மாறும். திரும்பி வரும்போது லோடும் குறைவு. அதனால் கோளாறு தானாக ஒளிந்துகொள்ளும். பாகத்தை மாற்றினோம், சரியாயிற்று, ஆகவே பாகம்தான் கெட்டிருந்தது என்று மனசு கணக்குப் போட்டுவிடுகிறது. அந்த மெக்கானிக்குகளும் என்னை ஏமாற்ற நினைத்தார்கள் என்று தோன்றவில்லை. கோடைப் படித்து, கோடில் பெயர் வந்த பாகத்தை மாற்றினார்கள், அவ்வளவுதான்.

நாலாவது டிரிப்பில் கிருஷ்ணகிரி தாண்டி, சூளகிரிக்கு ஏறும்போது நின்றோம். சாலையோரம் ஒரு சின்னக் கடை. பலகையில் "ஆட்டோ எலக்ட்ரீசியன்" என்று மட்டும் எழுதியிருந்தது. அறுபது வயதைத் தாண்டிய பெரியவர். நான் கதை முழுவதையும் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "மூணு கோடும் ஒரே சமயத்துல வந்துச்சா, ஒவ்வொண்ணா வந்துச்சா தம்பி?"

முதல் பட்டறையில் ஸ்கேனர் திரையை போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். காட்டினேன். 157-4, 102-4, 91-4. அவர் சிரித்துவிட்டார்.

இந்த எண்களைப் பற்றி அன்று அவர் சொன்னதும், பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதும் சேர்த்துச் சொல்கிறேன். லாரிகளில் பரவலாக உள்ள முறையில் கோடு இரண்டு பகுதியாக வரும். முதல் எண், எந்த அளவு என்று சொல்லும்: 157 ரெயில் பிரஷர், 102 பூஸ்ட், 91 ஆக்சிலரேட்டர் பெடல், 110 கூலன்ட் சூடு, 190 இன்ஜின் வேகம். இரண்டாவது எண்தான் என்ன கோளாறு என்று சொல்லும். 3 என்றால் வோல்ட் இருக்கவேண்டியதைவிட அதிகம், 4 என்றால் குறைவு, 5 என்றால் கரண்ட் குறைவு அல்லது லைன் அறுந்திருக்கிறது, 2 என்றால் தாறுமாறான ரீடிங். இவை ஒயரும் சென்சாரும் சம்பந்தப்பட்ட மின்கோளாறுகள். 0, 1 என்று வந்தால் கதை வேறு. சென்சார் ஒழுங்காகச் சொல்கிறது, அளவுதான் உண்மையிலேயே கூடியோ குறைந்தோ இருக்கிறது என்று அர்த்தம். அங்கே சென்சாரை மாற்றுவது, காய்ச்சலுக்கு தர்மாமீட்டரை மாற்றுகிற வேலை. எந்தப் பட்டறையிலும் இந்த இரண்டாவது எண்ணை யாரும் வாய்விட்டுப் படித்து நான் கேட்டதில்லை.

என் படத்தில் மூன்றுக்கும் கடைசி எண் 4. மூன்று சென்சாருக்கும் ஒரே நேரத்தில் வோல்ட் இறங்கியிருக்கிறது. பெரியவர் சொன்னார்: "ஒரே மோட்டார்ல மூணு காட்டுக்குத் தண்ணி பாயுது. மூணு காடும் ஒண்ணா காஞ்சா நீ வாய்க்காலைப் பாப்பியா, பயிரைப் புடுங்குவியா?"

இ.சி.யு. பேட்டரியின் 24 வோல்ட்டை வாங்கி, 5 வோல்ட்டாகக் குறைத்துத்தான் இந்த மாதிரி சென்சார்களுக்குக் கொடுக்கும். ஒவ்வொன்றுக்கும் தனி லைன் கிடையாது. இரண்டு மூன்று கிளைகள், ஒவ்வொரு கிளையிலும் சில சென்சார்கள். எங்கள் வண்டியில் ரெயில், பூஸ்ட், பெடல் சென்சாருக்குள் தனித்தனியாக அளந்து சொல்லும் இரண்டு தடங்களில் ஒன்று, இவை ஒரே கிளை. அந்தக் கிளையில் எங்கேயாவது ஒரு ஒயர் உரசி பாடியில் பட்டாலோ, ஒரு சென்சார் உள்ளுக்குள் ஷார்ட் ஆனாலோ, கிளை முழுக்க 5 வோல்ட் படுத்துவிடும். அதில் தொங்கும் அத்தனை சென்சாருக்கும் கோடு விழும்.

அவர் மீட்டரை எடுத்து ரெயில் சென்சாரின் கப்ளரில் பார்த்தார். சாவி ஆன், இன்ஜின் ஆஃப். 4.98 காட்டியது. அதாவது சரியாக இருந்தது. நானாக இருந்தால் அந்த இடத்தில் மீட்டரை மூட்டை கட்டியிருப்பேன். அவர், "லோடுலதானே வருது? லோடுலதான் பாக்கணும்" என்றார். கப்ளரின் பின்பக்கம், ரப்பர் சீலை ஒட்டி ஒரு மெல்லிய ஊசியை நுழைத்து, அதிலிருந்து ஒரு நீள ஒயர், இன்ஜின் எர்த்திலிருந்து இன்னொரு நீள ஒயர், இரண்டையும் ஜன்னல் வழியாக கேபினுக்குள் கொண்டுவந்து மீட்டரில் மாட்டினார். மீட்டரைக் கிளீனர் பையன் மடியில் கொடுத்துவிட்டு, "எறங்கினா சத்தம் போடு" என்று சொல்லி பக்கத்தில் ஏறிக்கொண்டார். சூளகிரி ஏற்றத்தில் கால் கிலோமீட்டர்கூடப் போகவில்லை. பையன் கத்தினான். மீட்டரில் 0.3. அதே நொடியில் செக் லாம்ப்.

திரும்பி வந்து கேபினைத் தூக்கினோம். அவர் முதலில் அந்தக் கிளையில் இருக்கும் கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு ஒயரிங்கை அசைக்கச் சொன்னார். ஏதாவது ஒரு சென்சாரைக் கழற்றியதும் வோல்ட் இறங்குவது நின்றால் அந்த சென்சார்தான் ஷார்ட். எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் அசைத்தால் இறங்கியது. ஆக, ஒயர்தான். கையால் ஒரு சாண், ஒரு சாணாக அமுக்கிக்கொண்டே போனோம். ஏர் கம்ப்ரஸருக்குப் பின்னால், ஒரு பிராக்கெட்டின் விளிம்பில் ஒயரிங் உட்கார்ந்திருந்த இடத்தில் கை பட்டதும் மீட்டர் விழுந்தது. சுருள் குழாயைப் பிரித்துப் பார்த்தால், ஒரு ஒயரின் தோல் அரிசி அளவுக்குத் தேய்ந்து செம்பு மின்னிக்கொண்டிருந்தது.

அந்த இடத்தில் ரப்பர் வைத்த கிளாம்பு ஒன்று இருந்திருக்க வேண்டும். எப்போதோ கம்ப்ரஸர் வேலை பார்த்தவர்கள் அதைக் கழற்றி, திரும்பப் போடாமல் பிளாஸ்டிக் டேக் கட்டிவிட்டார்கள். லோடோடு ஏறும்போது இன்ஜின் தன் மவுண்டிங்கில் ஒரு பக்கமாக முறுக்கிச் சாயும். அந்த ஒரு விரற்கடைச் சாய்வில் செம்பு பிராக்கெட்டைத் தொட்டிருக்கிறது. சமதரையில், லோடு இல்லாதபோது தொடாது. தொப்பூரில் மட்டும் ஏன் வருகிறது என்று மூன்று டிரிப்பாக என் கண்முன் இருந்த கேள்வியை நான் கேட்கவே இல்லை.

ஒயரைச் சுத்தம் செய்து ஈயம் வைத்து, சூடு காட்டினால் சுருங்கும் குழாயைப் போட்டு, புது கிளாம்பு மாட்டினார். சாமானுக்கு நாற்பது, அவருக்கு ஐந்நூறு. ஆயிரம் கொடுத்தேன், மீதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "இதுல ஒரு மீட்டர் வாங்கு" என்றார்.

வாங்கினேன். அதற்குப் பிறகு எனக்கும் மற்ற வண்டிக்காரர்களுக்கும் அது பல தடவை உதவியிருக்கிறது. சிலவற்றைச் சொல்கிறேன்.

கிராங்க் சென்சார் விவகாரம் எல்லா வண்டியிலும் ஒரு நாள் வரும். ஃப்ளைவீல் பக்கம் இருக்கிற இரண்டு ஒயர் சென்சார். உள்ளே ஒரு காந்தமும் காயில் என்கிற கம்பிச்சுருளும். இன்ஜினோடு சுற்றும் சக்கரத்தின் பல்லைப் பார்த்து இன்ஜின் எங்கே நிற்கிறது, எவ்வளவு வேகம் என்று சொல்வது இதுதான். 60 பல்லுக்கு இடம், அதில் இரண்டு பல் இருக்காது. அந்த இடைவெளிதான் அடையாளம். எங்கள் வண்டி ஒரு கோடைகாலத்தில் மதியம் நன்கு சூடானதும் சொல்லாமல் கொள்ளாமல் அணைந்துவிடும். அரை மணி நேரம் டீ குடித்துவிட்டு வந்தால் ஸ்டார்ட் ஆகும். ஸ்டார்ட் ஆகாத நேரத்தில் செல்ஃப் அடித்தபடி ஆர்.பி.எம். முள்ளைப் பார்த்தேன். செல்ஃப் சுற்றுகிறது, முள் அசையவே இல்லை. எங்கள் வண்டியில் அது நல்ல தடயம். கப்ளரைக் கழற்றி ஓம் பார்த்தேன். குளிர்ந்திருக்கும்போது 870 காட்டிய அந்தக் கம்பிச்சுருள் சூட்டில் உள்ளே தொடர்பு அறுந்துகிடந்தது, எண்ணே வரவில்லை. இந்த வகை சென்சாரில் 800, 900 ஓம் பக்கம் வருவது சாதாரணம். இதில் பாடம் என்னவென்றால், சூட்டில் வருகிற கோளாறைச் சூட்டிலேயே அளக்க வேண்டும். பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போவதற்குள் அது ஆறி, நல்ல பிள்ளையாகிவிடும். இன்னொன்று, கழற்றியதும் நுனியைப் பாருங்கள். காந்தம் இரும்புத்தூளை இழுத்து வைத்திருந்தால் ரீடிங் குழம்பும். சில நேரம் துடைத்து மாட்டினாலே போதும். ஆனால் அந்தத் தூள் எங்கிருந்து வந்தது என்பதையும் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது, நான் சென்சாரைத் திட்டி, பிறகு அதனிடம் மன்னிப்புக் கேட்ட கதை. ரெயில் பிரஷர் குறைவு என்று கோடு, இரண்டாவது எண் 1. காலையில் ஸ்டார்ட் ஆக ரொம்ப நேரம். இந்த முறை கடைக்கு ஓடவில்லை. இன்ஜினை நிறுத்தி அரை மணி நேரம் விட்டு, சாவியை மட்டும் ஆன் செய்து ரெயில் சென்சாரின் சிக்னல் ஒயரை அளந்தேன். ரெயிலில் பிரஷர் இல்லாதபோது சுமார் அரை வோல்ட் வர வேண்டும். வந்தது. 5 வோல்ட் சரி, எர்த் சரி. அப்படியென்றால் சென்சார் சொல்வது நிஜம், பிரஷர் ஏறவில்லை. சென்சாரும் ஒயரும் சரியாக இருந்தாலும், செல்ஃப் அடிக்கும்போது ரெயிலில் 200 பார் அளவுக்காவது ஏறாமல் இன்ஜின் எடுக்காது. டேங்கிலிருந்து வரும் சப்ளைப் பக்கம் ஒரு இடத்தில் கண்ணாடி மாதிரி டியூப் போட்டுப் பார்த்தால் டீசலோடு குமிழி குமிழியாகக் காற்று. ஃபில்டர் ஹெட்டின் வாஷர் நசுங்கியிருந்தது. அதுவும் சில்லறைச் செலவுதான். டீசல் ஃபில்டர் அடைப்பும் இதே கோடைத்தான் கொடுக்கும். இன்ஜெக்டர் ரிட்டர்ன் அதிகமானாலும் இதேதான். ஆறு பாட்டில் கட்டி ஒவ்வொரு இன்ஜெக்டரும் எவ்வளவு திருப்பி விடுகிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. பழைய வண்டியில் காற்றெடுக்க, இன்ஜின் ஓடும்போதே இன்ஜெக்டர் பைப்பின் நட்டைத் தளர்த்துவோம். அப்பாவுக்கு இன்றும் அந்தக் கை போகும். காமன் ரெயிலில் அதைச் செய்யவே கூடாது. ஆயிரம் பாருக்கு மேல் வருகிற டீசல் தோலைக் குத்திக்கொண்டு உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தின மாதிரி சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே சதை அழுகி விரலையே எடுக்க வேண்டி வரலாம். அப்படிப் பட்டுவிட்டால் வலி இல்லையே என்று வீட்டில் இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், டீசல் உள்ளே போயிருக்கிறது என்று சொல்ல வேண்டும்.

கூலன்ட் சூடு சென்சாருக்கு ஒரு எளிய சோதனை உண்டு. இரண்டு ஒயர்தான். ஸ்கேனரை மாட்டிக்கொண்டு கப்ளரைக் கழற்றினால் சூடு மைனஸ் 40 பக்கம் போக வேண்டும். கப்ளரின் இரண்டு பின்னையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்தால் உச்சத்துக்கு ஏற வேண்டும். இரண்டும் நடந்தால் ஒயரும் இ.சி.யு.வும் நலம், சென்சாரை மாற்றலாம். இரண்டு ஒயர் சூடு சென்சாருக்கு மட்டும்தான் இது. மூன்று ஒயர் சென்சாரில் இதைச் செய்து 5 வோல்ட்டை ஷார்ட் பண்ணிவிடாதீர்கள். சென்சாரைத் தனியாக அளப்பதென்றால், பரவலாக வரும் வகை 20 டிகிரியில் இரண்டரை ஆயிரம் ஓம், 80 டிகிரியில் முந்நூற்றுச் சொச்சம். அடுப்பில் தண்ணீர் வைத்துச் சமையலறையிலேயே பார்க்கலாம். வீட்டுக்காரம்மா சம்மதித்தால்.

பூஸ்ட் சென்சாரை அளக்க மீட்டரே வேண்டாம், ஸ்கேனரில் பார்த்தால் போதும். இன்ஜின் ஓடாதபோது அது வெளிக்காற்றின் அழுத்தத்தைத்தான் காட்ட வேண்டும். எங்கள் ஊரில் 980 மில்லிபார் பக்கம், பெங்களூரு உயரத்தில் 910 பக்கம். இன்ஜினை நிறுத்திய பிறகும் 1,300 காட்டினால் பொய் சொல்கிறது. நிறுத்தினால் சரியாகக் காட்டி, லோடில் ஏறவில்லை என்றால் ஹோஸ் கிழிந்திருக்கிறதா, இன்டர்கூலரில் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். கழற்றும்போது நுனியில் எண்ணெய்க் கரி அப்பியிருந்தால் மெதுவாகத் துடையுங்கள். குச்சி விட்டுக் குத்தக் கூடாது.

எர்த்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் மறுமுனையை இன்ஜின் பிளாக்கிலும் வைத்து செல்ஃப் அடியுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், சென்சாரை நினைப்பதற்கு முன் எர்த் கேபிளைக் கழற்றித் துருவைச் சுரண்டுங்கள். பாடியில் வெல்டிங் வைப்பதென்றால் பேட்டரி கேபிளையும் இ.சி.யு. கப்ளரையும் கழற்றிவிடச் சொல்லுங்கள். வாட்டர் சர்வீசில் கப்ளர்களைப் பார்த்து பிரஷர் தண்ணீர் அடிப்பதை நான் நின்று தடுக்கிறேன், பையன்கள் என்னைப் பைத்தியக்காரன் மாதிரி பார்த்தாலும் சரி. ஒயரின் தோலை ஊசியால் குத்தி அளக்கும் பழக்கமும் வேண்டாம். அந்தத் துளையில் ஈரம் ஏறி, ஆறு மாதத்தில் செம்பு பச்சையாகிவிடும்.

இன்னொரு வேலையும் செய்கிறேன். வண்டி நன்றாக ஓடும்போதே எல்லா அளவையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். சாவி ஆன் செய்ததும் ரெயில் சென்சார் எவ்வளவு, ஐடிலில் எவ்வளவு, பெடலின் இரண்டு தடமும் மிதிக்காதபோதும் முழுதாக மிதித்தபோதும் எவ்வளவு. எங்கள் பெடலில் ஒரு தடம் மற்றதில் சரியாகப் பாதி காட்டும். கோளாறு வந்த பிறகு சரியான அளவு என்ன என்று தேடினால் ஆளுக்கொன்று சொல்வார்கள். நம் வண்டியின் அளவு நம் நோட்டில் இருக்கும்.

போன ஐப்பசியில் எங்கள் தெருவிலேயே இதே இன்ஜின் போட்ட வண்டி வைத்திருக்கும் மாமா ஒருவர் வந்தார். "ஏனுங்க மாப்ளே, காலையில எடுக்கவே மாட்டீங்குது, எடுத்தாலும் இழுவை இல்ல. சென்சார்னு சொல்றானுங்க. உங்க மீட்டரைக் கொஞ்சம் எடுத்துட்டு வாங்க" என்றார். போனேன். இரவு முழுக்க நின்ற வண்டி, ரெயிலில் பிரஷர் இருக்கவே வழியில்லை. சாவியைப் போட்டு சிக்னல் ஒயரை அளந்தால் 0.9. கப்ளரைத் துடைத்து மறுபடி அளந்தாலும் 0.9. 5 வோல்ட் சரி, எர்த் சரி. காலி ரெயிலில் பிரஷர் இருப்பதாக அது சொல்லிக்கொண்டிருந்தது. அதை நம்பி இ.சி.யு. அந்த அளவுக்குக் குறைவாகவே பிரஷர் ஏற்றிக்கொண்டிருந்தது. நான் பார்த்த முதல் நிஜமான கெட்ட ரெயில் சென்சார்.

வீட்டுக்கு வந்து பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். மாட்டியதும் மீட்டர் 0.5 காட்டியது, வண்டி இரண்டாவது சுற்றில் எடுத்துக்கொண்டது. மாமா பணம் எடுத்தார், வாங்கவில்லை. டப்பாவில் இப்போது இரண்டு இருக்கின்றன.